பின்சீட்டில் அம்மாவை உட்கார வைத்துப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்

வந்த கேள்வி இது: "டாடா ஆல்ட்ரோஸ் புது முகத்தோடு வந்திருக்கிறது. பார்த்ததும் பிடித்துவிட்டது. வீட்டில் நான், மனைவி, 5 வயது மகள், முழங்கால் வலி உள்ள 67 வயது அம்மா. மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டம், பெரும்பாலும் ஊருக்குள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 300 கிலோமீட்டர் பயணம். இந்தப் பணத்துக்கு மினி எஸ்யூவி வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். பிரீமியம் ஹேட்ச்பேக் வாங்குவது சரியா? மாருதி பலேனோ, ஹூண்டாய் ஐ20 இரண்டோடும் பார்த்தால் எது?"

என் பதில்: ஹேட்ச்பேக், அதாவது டிக்கி தனியாகப் பின்னால் நீளாத கார், வாங்குவது சரிதான். ஆல்ட்ரோஸும் சரியான கார்தான். ஆனால் எந்த வேரியன்ட், எந்த கியர்பாக்ஸ் என்பதில் தப்பு செய்ய நிறைய இடம் இருக்கிறது. அம்மாவின் முழங்கால் இந்த முடிவையே மாற்றவும் கூடும். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தான கார்களைப் பார்த்து இழப்பை மதிப்பிடும் வேலை, பத்தொன்பது வருடமாக. ஷோரூம் விளக்கு வெளிச்சத்தில் கார்களைப் பார்த்ததைவிட, பம்பர் கழற்றிய நிலையில் ஒர்க்‌ஷாப் தரையில் பார்த்ததுதான் அதிகம். என் கருத்தில் அந்தச் சாய்வு இருக்கும். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இந்த வகைக் கார் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் நண்பர்கள் சொல்லும் மினி எஸ்யூவி விஷயம் தன்னால் தெளிவாகும். 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் அது சிறிய கார். அன்றிலிருந்து நம் நாட்டில் கார் வரைபவர்களின் மேஜையில் அந்த 4 மீட்டர் கோடு போட்டபடியே இருக்கிறது. ஜிஎஸ்டி வந்தபோதும் அதே கோடுதான். 2025 செப்டம்பர் 22 முதல் அந்தக் கோட்டுக்கு உள்ளே 18 சதவீதம், வெளியே 40 சதவீதம். ஆல்ட்ரோஸ் 3,990 மில்லிமீட்டர், பலேனோவும் 3,990, ஐ20 3,995. இது தற்செயல் இல்லை.

நண்பர்கள் சொல்லும் மினி எஸ்யூவிகளும் அதே கோட்டுக்குள் அடைபட்டவைதான். பல சமயம் அடித்தளம்கூட ஒன்றே. 2020 ஜனவரியில் ஆல்ட்ரோஸ் வந்த ஆல்ஃபா அடித்தளத்தில்தான் 2021-ல் டாடாவின் மினி எஸ்யூவி பஞ்ச் வந்தது. 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜினும் அதேதான். ஆல்ட்ரோஸின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம், 2,501 மில்லிமீட்டர். பஞ்ச் வந்தபோது அதற்கு 2,445. பலேனோவுக்கும் அதன் மேல் கட்டிய மாருதியின் மினி எஸ்யூவி ஃப்ரான்க்ஸுக்கும் வீல்பேஸ் ஒன்றே, 2,520. "எஸ்யூவி" என்ற பெயரில் நீங்கள் அதிகமாக வாங்குவது பெரும்பாலும் உயரத்தைத்தான். இடத்தை இல்லை.

உயரம் வீண் என்று சொல்லவில்லை. ஆல்ட்ரோஸின் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) 165 மில்லிமீட்டர், பஞ்ச் வந்தபோது அதற்கு 187. நீங்கள் இருக்கும் தெருவில் வேகத்தடைகள் மலைமுதுகு மாதிரி இருந்தால், மழைக்காலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், அந்த 22 மில்லிமீட்டருக்கு மதிப்பு உண்டு. ஆனால் நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போது திடீரென நாய் குறுக்கே வந்து ஸ்டீயரிங்கை ஒடிக்கிறீர்கள் என்றால், தரையோடு ஒட்டி நிற்கும் கார் உங்கள் பக்கம் நிற்கும். உயரமான கார் முதலில் ஒரு பக்கம் சாயும், பிறகுதான் திரும்பும். ஹேட்ச்பேக் ஓட்டிப் பழகியவர்கள் அதை விட மனமில்லாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். 2022-ல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஹேட்ச்பேக் நிறுத்தப்பட்டபோது அதன் சொந்தக்காரர்கள் பலர் வீட்டில் ஒருவர் போனது மாதிரி வருத்தப்பட்டதை நான் நேரில் பார்த்தேன். ஹோண்டா ஜாஸும் அப்படித்தான். 2009-ல் வந்து, விலை கட்டாமல் 2013-ல் போய், 2015-ல் திரும்பி வந்து, 2023-ல் முழுதாகப் போய்விட்டது. இன்றும் அதன் பின்சீட்டை மடக்கும் வசதிக்கு இணையாக இந்த வகையில் எதுவும் இல்லை. விற்பனை எண்ணிக்கை வேறு, காரின் தரம் வேறு. நண்பர்கள் பேசுவது பெரும்பாலும் முதலாவதை.

இப்போது அம்மாவின் முழங்காலுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே முக்கியமான வரி அதுதான் என்று நினைக்கிறேன்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கஷ்டம் காரில் உட்கார்ந்திருப்பதில் இல்லை, ஏறுவதிலும் இறங்குவதிலும் இருக்கிறது. தாழ்வான சீட்டில் உடம்பைக் கீழே இறக்க வேண்டும். இறங்கும்போது முழங்காலை ஊன்றி எழ வேண்டும். உயரமான காரில் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார்ந்தால் போதும். மினி எஸ்யூவிக்கு ஆதரவாக நான் ஒப்புக்கொள்ளும் ஒரே வலுவான வாதம் இது. ஆல்ட்ரோஸில் இதற்கு ஒரு மாற்று உண்டு. நான்கு கதவுகளும் 90 டிகிரி வரை திறக்கும். இந்த விலையில் இது பெரிய விஷயம். கதவு அகலமாகத் திறந்தால் அம்மா முதுகைக் காட்டி நின்று, சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே எடுத்துவிடலாம். கதவு பாதியோடு நின்றால் ஒற்றைக் காலில் நின்று மற்றதை உள்ளே வைக்க வேண்டும். முழங்காலைக் கொல்வது அந்த ஒற்றைக் கால்தான்.

ஷோரூமில் செய்து பார்க்க ஒரு சோதனை சொல்கிறேன். அம்மாவைப் பின்சீட்டில் வெளிப்பக்கம் பார்த்து, பாதம் இரண்டும் தரையில் இருக்கும்படி உட்கார வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட மேலே தூக்கிக்கொண்டு நின்றால் அந்தக் கார் அவருக்குத் தாழ்வு. இடுப்பும் முழங்காலும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருந்தால் சமாளித்துவிடுவார். பிறகு உள்ளே திரும்பி, பத்து நிமிஷம் அப்படியே உட்காரட்டும். தொடைக்கு அடியில் சீட் எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று கேளுங்கள். தொடை அந்தரத்தில் தொங்கினால் இரண்டு மணி நேரப் பயணத்தில் கால் மரத்துப்போகும். இதை நீங்கள் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. அவர் உட்கார வேண்டும். விற்பனையாளர் அவசரப்படுத்தினால் அவசரப்படட்டும், நீங்கள் நகராதீர்கள்.

மகளுக்கும் பின்சீட்தான் இடம். ஆல்ட்ரோஸின் பின்கதவுக் கைப்பிடி வழக்கமான இடத்தில் இல்லை, கண்ணாடியை ஒட்டிய பின்தூணில் மேலே இருக்கிறது. வெளியிலிருந்து அழகு. 5 வயதுக் குழந்தைக்கு எட்டாது. அந்தத் தூணுக்காகக் கண்ணாடியின் கீழ்வரி பின்னால் ஏறிக்கொண்டே போவதால் குழந்தைக்கு வெளியே தெரிவதும் குறைவு. காரில் வாந்தி எடுக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தால் இதைக் கவனியுங்கள். சைல்டு சீட் வைத்தால் உட்காரும் உயரம் கூடிப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எப்படியும் அது வைத்தே ஆக வேண்டும். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை சீட் பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காகச் சொல்லவில்லை. மடியில் வைத்திருந்த குழந்தைகளுக்கு என்ன ஆகும் என்பதைப் பார்த்தவன் என்பதால் கெஞ்சிக் கேட்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஒரு விபத்துக் காரைப் பார்க்கப் போனால் நான் முதலில் செய்வது முன்கதவைத் திறந்து மூடுவதுதான். முன்பக்கம் முழுக்க நசுங்கியிருந்தும் கதவு வழக்கம்போலத் திறந்தால் ஆட்கள் இருக்கும் கூடு நின்றிருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் பக்கம் நசுங்குவது நல்லது, அது அடியை வாங்கிக்கொள்ளத்தான் இருக்கிறது. கதவு சிக்கிக்கொண்டால், முன்தூண் மடங்கியிருந்தால், உள்ளே பார்க்கவே மனம் வராது. ஆல்ட்ரோஸ் 2020-ல் வந்தபோதே காரை மோதவிட்டுப் பாதுகாப்பை அளக்கும் குளோபல் என்கேப் தேர்வில் 5 நட்சத்திரம் வாங்கியது. அன்றைக்கு அதன் விலையில் இருந்த மற்ற ஹேட்ச்பேக்குகள் எட்டாத இடம் அது.

ஆனால் நட்சத்திரங்களை எண்ணும்போது எந்த வருடம், எந்தத் தேர்வு என்று பார்க்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. 2023 அக்டோபரிலிருந்து நமக்கென்று பாரத் என்கேப் இருக்கிறது. 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்க மோதல், 50-ல் பக்கவாட்டு மோதல், அதோடு கம்பத்தில் பக்கவாட்டாக மோதும் தேர்வும் உண்டு. 2025-ல் இந்தத் தேர்வில் பலேனோ 4 நட்சத்திரமும் புதிய ஆல்ட்ரோஸ் 5 நட்சத்திரமும் பெற்றன. இதே பலேனோவின் முந்தைய வடிவம் இரண்டு ஏர்பேக்கோடு 2021-ல் லத்தீன் என்கேப் தேர்வில் பூஜ்ஜியம் வாங்கியது. அதை இன்னும் பிடித்துக்கொண்டு பலேனோவை "தகரடப்பா" என்பவர்கள் அன்றைய காரைப் பற்றிப் பேசுகிறார்கள். ஐ20 2022-ல் இரண்டு ஏர்பேக்கோடு குளோபல் என்கேப்பில் 3 நட்சத்திரம் பெற்றது. 2023-ல் ஆறு ஏர்பேக்கும் எல்லா வேரியன்ட்டிலும் வந்துவிட்டது. ஆனால் ஏர்பேக் கூடியதால் கூடு உறுதியாகிவிடாது, அது தனி விஷயம். இப்போது மூன்றிலுமே ஆறு ஏர்பேக் அடிப்படை. ஆகவே "ஆறு ஏர்பேக் இருக்கிறது சார்" என்று விற்பனையாளர் சொன்னால் அது தனிச்சிறப்பு என்று எண்ண வேண்டாம்.

பாதுகாப்பை முன்வைத்தால் ஆல்ட்ரோஸுக்கு என் ஓட்டு. உங்கள் வீட்டில் இருவர் பின்சீட்டில் போகிறவர்கள், அதில் ஒருவர் குழந்தை, ஒருவர் வயதானவர். இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தேவையில்லை.

இன்ஜின் விஷயத்தில் அதே ஓட்டைத் தயக்கமில்லாமல் போட முடியவில்லை. ஆல்ட்ரோஸின் 1.2 பெட்ரோலுக்கு 88 பிஎஸ் சக்தி, 115 நியூட்டன் மீட்டர் இழுவை. காகிதத்தில் பலேனோவின் 90 பிஎஸ், 113 நியூட்டன் மீட்டருக்குச் சமம்தான். ஆனால் இதில் மூன்று சிலிண்டர், பலேனோவிலும் ஐ20-யின் 1.2 இன்ஜினிலும் நான்கு. சிக்னலில் நிற்கும்போது இருக்கையில் லேசான அதிர்வு தெரியும். பலேனோ பெட்ரோல் கார் ஆயிரம் கிலோவுக்குள் நிற்கிறது, ஆல்ட்ரோஸ் அதைத் தாண்டிவிடுகிறது. அதனால் இரண்டாவது கியரில் மெதுவாக உருட்டிக்கொண்டு போகும்போது ஆல்ட்ரோஸ் கொஞ்சம் யோசித்துத்தான் கிளம்பும். நான்கு பேர், ஏசி, டிக்கி நிறையச் சாமான் என்றால் மேம்பாலம் ஏறும்போது ஒரு கியர் குறைக்க வேண்டிவரும். "இன்ஜின் சோம்பல்" என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. 80-க்கு மேல் போய்விட்டால் காட்சி தலைகீழ். கனமும் அடித்தளமும் சேர்ந்து கார் நிலத்தைப் பிடித்துக்கொண்டு போகும். உங்கள் 300 கிலோமீட்டர் பயணத்தில் அம்மா தூங்கிவிடுவார்.

டீசல் வேண்டாம். ஹேட்ச்பேக்கில் டீசல் இன்று ஆல்ட்ரோஸில் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. 200 நியூட்டன் மீட்டர் இழுவை கொண்ட அருமையான இன்ஜின். எனக்கே அதன் மேல் ஆசை. ஆனால் பிஎஸ்6 மாசு விதிப்படி வரும் டீசல் கார்களில் புகைத்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, அது அவ்வப்போது சூடேறி அந்தத் துகளை எரித்துத் தீர்க்க வேண்டும். அதற்கு ஒரே வேகத்தில் நீண்ட ஓட்டம் வேண்டும். மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடம், நான்கு கிலோமீட்டர் அலுவலகம் என்று ஓட்டினால் வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்குத்தான் நான் டீசலைச் சொல்வேன்.

சிஎன்ஜி பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் 800 கிலோமீட்டரில் அது கணக்குக்கு வரும். ஆல்ட்ரோஸில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக இரண்டு சிறிய சிலிண்டர்களை டிக்கியின் தரைக்கு அடியில் படுக்கவைத்திருக்கிறார்கள். அதனால் 210 லிட்டர் டிக்கி மிஞ்சுகிறது. சாதாரண ஆல்ட்ரோஸில் 345. பலேனோ சிஎன்ஜியில் டிக்கியைச் சிலிண்டரே எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வரிசை நிற்காத சிஎன்ஜி பங்க் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

கியர்பாக்ஸ்: ஊருக்குள் ஓட்டம் அதிகம் என்பதால் ஆட்டோமேட்டிக் ஆசை வந்திருக்கும். ஏஎம்டி என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சையும் கியரையும் உங்கள் கால், கைக்குப் பதில் ஒரு மோட்டார் இயக்குகிறது. அதனால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் தலை ஒருமுறை முன்னே போய்வரும். ஓட்டுகிறவருக்குப் பழகிவிடும், பின்னால் இருப்பவருக்குப் பழகாது. புதிய ஆல்ட்ரோஸில் ஏஎம்டியும் உண்டு, இரட்டை கிளட்ச் கொண்ட டிசிஏவும் உண்டு. பலேனோவில் ஏஎம்டி மட்டும். முன்பு அதில் கியர் படிகள் இல்லாமல் ஒரே சீராக மாறும் சிவிடி இருந்தது, 2022-ல் எடுத்துவிட்டார்கள். அது எனக்கு இன்றுவரை ஏமாற்றம்தான். ஐ20-யில் சிவிடி வகையைச் சேர்ந்த ஐவிடி. நெரிசலில் வெண்ணெய் மாதிரி போவது அது ஒன்றுதான். ஆட்டோமேட்டிக் கட்டாயம் என்றால் ஆல்ட்ரோஸ் டிசிஏ, ஐ20 ஐவிடி இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஏஎம்டியை அம்மா இருக்கும் காருக்கு நான் சொல்லமாட்டேன்.

உள்ளே இருக்கும் திரைகளைப் பற்றி ஒரே ஒரு மனக்குறை. புதிய ஆல்ட்ரோஸில் ஏசியை இயக்குவது தொடுபலகை. கையைக் கொண்டுபோனால் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்கே தெரிய வேண்டும், கண் சாலையில் இருக்க வேண்டும். தடவிக் கண்டுபிடிக்க முடியாத பொத்தான் ஓட்டுகிறவரின் கண்ணைத் திருப்பும். நான் முன்பு வைத்திருந்த ஒரு காரில் இதே மாதிரி திரை. மழையில் கண்ணாடி பனித்துப்போன நேரம் பார்த்து அது உறைந்துவிட்டது. முன்கண்ணாடிக்கு எப்படிக் காற்றைத் திருப்புவது என்று தெரியாமல் சாலையோரம் ஒதுங்கிப் பத்து நிமிஷம் நின்றேன். சர்வீஸ் சென்டரில் மென்பொருளைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள், இரண்டு மாதத்தில் மறுபடி வந்தது. டெஸ்ட் டிரைவில் ஓடிக்கொண்டே முன்கண்ணாடிப் பனியை விலக்கும் வசதியைப் போட்டுப் பாருங்கள், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் முடிகிறதா என்று. மற்றபடி திரை பெரிதா சிறிதா, சன்ரூஃப் குரல் கேட்டுத் திறக்கிறதா என்பதெல்லாம் முதல் மாதத்து மகிழ்ச்சி.

என் தொழில் சார்ந்த பகுதி இனி. ஒரு காரை "பிரீமியம்" ஆக்கும் பொருள்கள் பெரும்பாலும் காரின் மூலைகளில் இருக்கின்றன. முழு எல்இடி ஹெட்லைட், பகல் விளக்கு, பம்பரில் சென்சார், கண்ணாடிக்கு அடியில் கேமரா, 16 இன்ச் அலாய் வீல். ஊருக்குள் அடிபடுவதும் அந்த மூலைகள்தான். பழைய ஹாலஜன் ஹெட்லைட்டில் பல்பு போனால் பல்பு மாற்றலாம். எல்இடியில் பல இடங்களில் முழு விளக்கையே மாற்ற வேண்டும். பைக் ஒன்று லேசாக இடித்துப் பம்பரும் ஒரு விளக்கும் ஃபெண்டரும் போனதற்கு வரும் பில்லைப் பார்த்து, "தப்பாகப் போட்டுவிட்டார்களா சார்" என்று என்னிடம் கேட்காத வாடிக்கையாளர் குறைவு.

ஆகவே இன்சூரன்ஸில் ஜீரோ டெப்ரிசியேஷன், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத வசதி, சேர்த்தே எடுங்கள். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் ஏர்பேக்குக்கும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். இன்றைய காரின் முன்பக்கத்தில் கண்ணில் படுவதில் பாதிக்கு மேல் பிளாஸ்டிக். அதாவது பில்லில் பெரும் பகுதிக்குப் பாதிப் பணம் உங்களுடையது. மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பகுதி என்றால் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆனும் வேண்டும். தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்து கனெக்டிங் ராட் வளைந்துவிடும். சாதாரண பாலிசி அந்தச் செலவைத் தராது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்குப் பிறகு நான் பார்த்த கோப்புகளில் மனம் நொந்தவை இப்படிச் சாவியைத் திருப்பியவர்களுடையவைதான். கார் நின்றால் நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள், இழுவை வண்டியை அழையுங்கள். இது எஸ்யூவிக்கும் பொருந்தும். ஷோரூம் சொல்லும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வெளியே விலை கேட்டு, அதைக் காட்டிப் பேசுங்கள்.

வேரியன்ட் தேர்வில் தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு படி இருக்கிறது. 2023 நவம்பரில் மாற்றிய ஆயுட்கால சாலை வரியில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 லட்சம் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய்க் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய்க் காருக்கு 1,81,800. விலையில் 20,000 கூடினால் வரியில் 53,100 கூடுகிறது. பிரீமியம் ஹேட்ச்பேக்கின் உச்ச வேரியன்ட்டுகள் சில அந்தப் படியை ஒட்டியே நிற்கின்றன. சன்ரூஃபுக்கும் பெரிய திரைக்கும் ஆசைப்பட்டுப் படியைத் தாண்டுவது எனக்கு மனம் ஒப்பாது. ஆறு ஏர்பேக்கும் வழுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பியும் கீழ் வேரியன்ட்டிலேயே இருக்கின்றன. பின்கேமரா, பின்வைப்பர், பின்சீட்டுக்கு ஏசி காற்று, உயரம் மாற்றக்கூடிய ஓட்டுநர் சீட் — இந்த நான்கும் எந்த வேரியன்ட்டில் சேர்ந்து வருகின்றனவோ அதில் நின்றுவிடுங்கள். 15 இன்ச் டயர் கிடைத்தால் இன்னும் நல்லது. டயரின் பக்கச்சுவர் உயரமாக இருந்தால் குழியில் விழும்போது அடி முதுகுக்குக் குறைவாக வரும், அலாயும் பிழைக்கும்.

பலேனோவையும் ஐ20-யையும் எந்த நிலையில் நான் முன்னே வைப்பேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரை மனைவிதான் அதிகம் ஓட்டப்போகிறார், ஓட்டம் முழுக்க ஊர் நெரிசல், லேசான கிளட்ச், நல்ல மைலேஜ், எந்த ஊரிலும் மெக்கானிக் என்றால் பலேனோ. அதையே டொயோட்டா கிளான்ஸா என்ற பெயரிலும் 2019 முதல் விற்கிறது. இரண்டில் எந்த ஷோரூம் உங்களை மரியாதையாக நடத்துகிறதோ அங்கே வாங்கலாம், கார் ஒன்றுதான். பின்சீட்டில் அடிக்கடி மூன்று பெரியவர்கள் உட்காருவார்கள், ஆட்டோமேட்டிக் கட்டாயம் என்றால் ஐ20. இருங்காட்டுக்கோட்டையில் செய்யும் அந்தக் காரின் அகலம் 1,775 மில்லிமீட்டர். ஆல்ட்ரோஸ் 1,755, பலேனோ 1,745. தோள் இடிபடுவதில் அந்த வித்தியாசம் தெரியும்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகும்போது நீங்கள் வாங்கப்போகும் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ் உள்ள காரைக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை ஒரு ஷோரூமில் என் தம்பிக்கு டர்போ காரை ஓட்டக் கொடுத்து, சாதாரண இன்ஜினுக்கு முன்பணம் வாங்கிவிட்டார்கள். வண்டி கைக்கு வந்த அன்று மேம்பாலம் ஏறும்போதுதான் அவனுக்குப் புரிந்தது. குடும்பம் முழுவதும் ஏறிக்கொள்ளுங்கள். ஏசி ஓடட்டும். ஒரு ஏற்றம், ஒரு மோசமான சாலை, ஒரு நெரிசல், மூன்றும் வரும்படி வழியை நீங்கள் சொல்லுங்கள். பாதி வழியில் ஓட்டுநர் சீட்டை மனைவிக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் பின்சீட்டுக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்காருங்கள். எத்தனை சத்தம் வருகிறது, குழியில் எப்படித் தூக்கிப்போடுகிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

அந்தத் தரைச் சோதனையில் அம்மாவின் முழங்கால் எந்த மட்டத்தில் நின்றது என்று பார்த்து எழுதுங்கள். ஆல்ட்ரோஸில் அவர் தட்டுத்தடுமாறினால், நான் மேலே எழுதிய அத்தனையையும் ஒதுக்கிவிட்டு உயரமான காரையே சொல்வேன். அப்போது எந்த மினி எஸ்யூவி என்று பேசலாம்.